பந்து வலப்பக்கமே வளைகிறதா? ஸ்லைஸை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

கோல்ஃப் பழக ஆரம்பித்தவரிடம் அடித்த பந்து எங்கே என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் வலப்பக்கம்தான் கை காட்டுவார்கள். நல்லபடியாகக் கிளம்பியது போல இருக்கும். பாதி தூரத்தில் வலப்பக்கம் வளைந்து, கண்மாய் ஓரத்துச் சீமைக்கருவேலத்துக்குள் போய் விழும். இதுதான் ஸ்லைஸ். உடனே பக்கத்தில் நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்: தலையைத் தூக்காதே, மெதுவாக வீசு, கொஞ்சம் இடப்பக்கம் குறி வை. முதல் இரண்டால் பெரிய கெடுதல் இல்லை, பலனும் இல்லை. மூன்றாவது யோசனை ஸ்லைஸை வளர்க்கும்.

ஸ்லைஸ் ஒரே கோளாறு இல்லை. வெவ்வேறு கோளாறுகள் பந்தைக் கடைசியில் ஒரே இடத்தில் கொண்டுபோய்ப் போடுகின்றன. அதனால் விழுந்த இடத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் காரணம் தெரியாது. பந்து கிளம்பிய திசையைப் பார்த்தால் தெரியும்.

இங்கே சொல்வதெல்லாம் வலக்கை ஆட்டக்காரர்களுக்கு. இடக்கைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

எதனால் வளைகிறது

கிளப்பும் (பந்தை அடிக்கும் கோல்) பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு வினாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பது வீண் வேலை. அப்போது கிளப்பின் முகம் (பந்தில் படும் பரப்பு) எங்கே பார்க்கிறது, கிளப் எந்தப் பாதையில் வருகிறது என்ற இரண்டும்தான் கணக்கு. பந்து கிளம்பும் திசையில் ஏறக்குறைய முக்கால் பங்கு முகத்தின் கையில் இருக்கிறது. அதிக தூரம் அடிக்கும் நீளக் கிளப்பான டிரைவரில் இன்னும் அதிகம். வளைவு வருவது, முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தால். பாதையைவிட முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும். வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு வளைவு.

முன்பெல்லாம் இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பந்து பாதையின் திசையில் கிளம்பும், முகம் பார்க்கிற இடத்தில் போய் முடியும் என்பது பழைய பாடம். 2000-க்குப் பிறகு ரேடார் கருவிகள் வந்து கிளப்பையும் பந்தையும் சேர்த்து அளந்தபோதுதான் அது தவறு என்று பரவலாகத் தெரிந்தது. இன்னும் பழைய பாடத்தையே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டால், முகத்தைச் சரிசெய்ய வேண்டியவர் பாதையோடும், பாதையைச் சரிசெய்ய வேண்டியவர் முகத்தோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

சோதனை செய்யும் முறை

காற்றில்லாத நேரம் வேண்டும். ஆனி, ஆடியில் மதுரைப் பக்கம் மேல்காற்று எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றில் வடக்கே பார்த்து அடித்தால் நல்ல அடியும் ஸ்லைஸ் போலத் தெரியும். தெற்கே பார்த்து அடித்தால் படுமோசமான ஸ்லைஸ்கூட நேராகப் போய் விழுந்து ஏமாற்றும். மேற்கே பார்த்து எதிர்க்காற்றில் அடித்தால் சின்ன வளைவும் பெரிதாகத் தெரியும். விடிந்ததும் போய், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள்.

வற்றிய கண்மாயோ அறுவடை முடிந்த வயலோ, உரியவர்களிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். ஆடு மேய்க்கிறவர், கரையில் நடக்கிறவர் யாராவது இருந்தால் அடிக்காதீர்கள். எதிரே பார்த்தால் போதாது. ஸ்லைஸ் அடிக்கிறவருக்கு ஆபத்தான பக்கம் வலப்பக்கம்தான். கோல்ஃப் பந்து பட்டால் மண்டை உடையும்.

இலக்கு சின்னதாக இருக்கட்டும். ஒத்தக்கடைப் பக்கம் நின்றுகொண்டு யானைமலையைக் குறிவைப்பதில் அர்த்தமில்லை. அவ்வளவு நீள மலையை யார்தான் தவறவிடுவார்கள்? ஒற்றைப் பனைமரம் கிடைத்தால் அதைவிட நல்ல இலக்கு இல்லை.

பந்து வைக்கும் இடத்திலிருந்து பனையைப் பார்த்து ஒரு கஜ நீளத்துக்குக் கோலமாவில் கோடு போடுங்கள். கல்மாவாக இருக்கட்டும், அரிசிமாவு என்றால் அரைமணி நேரத்தில் எறும்பு வந்துவிடும். கோட்டின் மேல் பந்து. பத்தடி பின்னால், கோட்டுக்கு நேராக ஒருவரை நிற்கவையுங்கள். அல்லது செல்போனை நிறுத்துங்கள். பார்க்க வேண்டியது முதல் பத்துப் பதினைந்து மீட்டர் மட்டும். அதுவரை பந்து கோட்டுக்கு இடமா, நேரா, வலமா என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னால் நிற்பவருக்கும் பந்து போய் விழுவதைப் பார்க்கும் ஆசை வரும், விடாதீர்கள்.

7-ஆம் எண் அயர்னில் (இரும்புத் தகடு போன்ற தலையுள்ள நடுத்தரத் தூரக் கிளப்) பத்துப் பந்து, டிரைவரில் பத்துப் பந்து. ஒன்று இரண்டு மாறி வரும். அதிகம் வந்தது எதுவோ அதுதான் உங்கள் அறிகுறி.

இடப்பக்கம் கிளம்பி, வலப்பக்கம் வளைகிறது

புதியவர்களிடம் அதிகம் பார்ப்பது இதுதான். கோளாறு பாதையில். கிளப் வெளியிலிருந்து, அதாவது கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, உங்கள் பக்கமாக உள்ளே, கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இடப்பக்கம் போகிறது. முகம் இலக்குக்குச் சற்று இடப்பக்கம் பார்க்கிறது, அதனால் பந்து இடப்பக்கம் கிளம்புகிறது. ஆனால் பாதை அதைவிட இன்னும் இடப்பக்கம். அந்த வித்தியாசம் பந்தை வலப்பக்கம் திருப்புகிறது. இதே ஆள் எப்போதாவது ஒரு பந்தை வளைவே இல்லாமல் இடப்பக்கம் நேராக இழுத்துவிட்டு, 'இது வேற தப்பு' என்பார். வேறு இல்லை. அன்றைக்கு முகமும் பாதையோடு சேர்ந்து இடப்பக்கம் திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

உறுதிசெய்துகொள்ள, பந்தை எடுத்துவிட்டு 7-ஆம் எண் அயர்னால் கோலக்கோட்டை மெல்ல உரசும்படி வீசுங்கள். மாவு எந்தப் பக்கம் சிதறியிருக்கிறது, கிளப் இழுத்த தடம் கோட்டோடு போகிறதா குறுக்கே போகிறதா என்று குனிந்து பாருங்கள். பாதை கோணலாக இருப்பவருக்குத் தடம் கோட்டின் வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் முடியும். வீடியோவில் வராத உண்மை இந்த மாவில் தெரியும்.

சரிசெய்வதை நிற்கும் முறையிலிருந்து தொடங்குங்கள். வலப்பக்கம் போகிறதே என்று இடப்பக்கம் குறிவைத்துப் பழகியவருக்குப் பாதமும் தோளும் இடப்பக்கம் திரும்பியிருக்கும். கிளப் தோள் போகிற திசையில்தான் போகும். இடப்பக்கம் குறிவைக்க வைக்க வெட்டும் அதிகமாகும், வளைவும் அதிகமாகும். கோலக்கோட்டுக்கு இணையாகப் பாதத்தின் முன்னால் ஒரு மூங்கில் குச்சியைப் போடுங்கள். பாதம், இடுப்பு, தோள் மூன்றும் குச்சிக்கு இணையாக இருக்கட்டும். பலர் பாதத்தை மட்டும் சரிசெய்துவிட்டுத் தோளை விட்டுவிடுகிறார்கள். ஒரு கிளப்பை மார்புக்குக் குறுக்கே, இரண்டு தோளையும் தொடும்படி வைத்துப் பார்த்தால் தோள் எங்கே பார்க்கிறது என்று தெரிந்துவிடும். பனைக்கு நேராக நிற்கும்போது வலப்பக்கம் திரும்பி நிற்பது போலவே தோன்றும். தோன்றட்டும்.

அடுத்தது கிளப்பைக் கீழே இறக்கும் விதம். மேலே போன கிளப்பை அடிக்கும் வேகத்தில் வலத்தோள் முந்திக்கொண்டு முன்னே பாய்கிறது. கை உடம்பிலிருந்து வெளியே தள்ளப்படுகிறது. பிறகு உள்ளே இழுப்பதைத் தவிர கிளப்புக்கு வேறு வழி இல்லை. தோள் முந்தக்கூடாது. முதலில் இடப்பாதம் தரையை அழுத்தட்டும், இடுப்பு திரும்பத் தொடங்கட்டும், அந்த நேரத்தில் முதுகு இன்னும் பனையைப் பார்த்தபடி இருக்கட்டும். சொல்வது எளிது, செய்யும்போது வராது. அதனால் உடம்பை ஏமாற்ற இரண்டு வழி:

வலக்காலை அரையடி பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு, பாதி வேகத்தில் அடியுங்கள். அப்படி நின்றால் தோளால் முந்த முடியாது. கிளப் தானாக உள்ளேயிருந்து வரும்.

இல்லையென்றால், பந்துக்கு அந்தப் பக்கம், இரண்டு விரற்கடை தள்ளி, கோட்டுக்கு இணையாக ஒரு காலி செருப்புப் பெட்டியை வையுங்கள். வெளியிலிருந்து வெட்டினால் பெட்டி பறக்கும். பெட்டியைத் தொடாமல் பந்தை மட்டும் அடிக்கும்வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். மரக்கட்டையோ செங்கலோ வேண்டாம், கிளப்பும் போகும், மணிக்கட்டும் போகும்.

நேராகக் கிளம்பி, வலப்பக்கம் வளைகிறது

மேலே சொன்னதன் இளைய வடிவம். முகம் ஏறக்குறைய சரி, பாதைதான் இடப்பக்கம். அதே மருந்து, குறைந்த அளவில். பெட்டிப் பயிற்சி ஒன்றே பலருக்குப் போதும். டிரைவரில் மட்டும் இப்படி என்றால், பாதையில் கை வைப்பதற்கு முன் கீழே குதிப்பக்க அடியைப் பற்றிச் சொல்லியிருப்பதைப் படியுங்கள்.

வலப்பக்கமே கிளம்பி, இன்னும் வலப்பக்கம் போகிறது

இதில் பாதையைத் தொடவே வேண்டாம். முகம் நன்றாகத் திறந்துகிடக்கிறது. இடப்பக்கம் கிளம்பும் ஸ்லைஸைச் சரிசெய்யப் போய் 'உள்ளேயிருந்து அடி' என்பதை மட்டும் கற்றுக்கொண்டவர்களும் இங்கேதான் வந்து நிற்பார்கள். பார்ப்பதற்கு முன்னைவிட மோசம் போலத் தோன்றும். உண்மையில் பாதி வேலை முடிந்துவிட்டது, முகம் மட்டும்தான் பாக்கி.

முதல் சந்தேகம் பிடியின் மேல். இடக்கையைக் கிளப்பில் வைத்துக் குனிந்து பாருங்கள். எத்தனை விரல் முட்டி தெரிகிறது? ஒன்றுதான் தெரிகிறது என்றால் பிடி பலவீனம். இரண்டு, இரண்டரை தெரிய வேண்டும். கிளப் உள்ளங்கையின் நடுவில் கிடக்கக்கூடாது. சுண்டுவிரலின் அடியிலிருந்து ஆட்காட்டி விரலின் நடுப்பகுதிக்குச் சாய்வாக, விரல்களில் கிடக்க வேண்டும். இடக் கட்டைவிரல் கிளப்பின் நேர் மேலே இல்லாமல் சற்று வலப்பக்கம் தள்ளி. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் விழும் மடிப்பு உங்கள் வலத்தோளைக் காட்ட வேண்டும். வலக்கையின் மடிப்பும் அப்படியே.

இங்கே எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. பிடியை மாற்று என்றால், பிடித்த கையோடு கிளப்பையும் சேர்த்துத் திருப்பிவிடுகிறார்கள். முட்டி மூன்று தெரியும், ஆனால் முகமும் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். அதைப் பார்த்ததும் கிளப்பை நேராக்க, கையும் பழைய இடத்துக்கே போய்விடும். முதலில் கிளப்பைத் தரையில் வைத்து முகத்தைப் பனைக்கு நேராக நிறுத்துங்கள். வலக்கையால் அதை அசையாமல் பிடித்துக்கொண்டு, அப்புறம் இடக்கையைப் புதிய இடத்தில் வையுங்கள். புதுப் பிடி சில நாளைக்கு ஒட்டவே ஒட்டாது. ஒட்டாமல் இருந்தால் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள்.

பிடி சரியாக இருந்தும் முகம் திறந்தால், கிரிக்கெட்டைச் சந்தேகப்படுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி இருக்கிறார். டென்னிஸ் பந்து டோர்னமென்ட்டுகளில் ஓப்பனிங் இறங்குகிறவர். கண்ணும் கையும் எங்களைவிடப் பல மடங்கு மேல், ஆனால் பந்து வலப்பக்கம்தான். "அண்ணே, நேரா டிரைவ் அடிக்கிற மாதிரிதான அடிக்கிறேன்" என்பார். அங்கேதான் விஷயமே. கிரிக்கெட்டில் நேர் டிரைவ் அடித்துவிட்டு பேட்டின் முகத்தைப் பந்து போன திசையிலேயே பிடித்து வைப்பது அழகு. முழங்கை உயர்ந்து நிற்கும், முன்கை திரும்பாது. கோல்ஃபில் முன்கை திரும்பியே ஆக வேண்டும். மேலே போகும்போது திறந்த முகம், கீழே வரும்போது மூட வேண்டும். பிடித்து வைத்தால் திறந்தபடியே பந்தில் படும்.

அவருக்குச் சொன்ன பயிற்சி இதுதான். 7-ஆம் எண் அயர்னில் இடுப்பிலிருந்து இடுப்புவரை மட்டும் வீச்சு. அடித்து முடித்து, கிளப் தரைக்கு இணையாக இருக்கும்போது அப்படியே நிறுத்திப் பார்க்க வேண்டும். கிளப்பின் நுனி (தலையில் தண்டுக்கு எதிர் முனை) வானத்தைப் பார்த்தால் முன்கை திரும்பியிருக்கிறது. முகம் வானத்தைப் பார்த்தால் கிரிக்கெட் இன்னும் போகவில்லை. மேலே போகும் வழியிலும் இடுப்பு உயரத்தில் இதே சோதனை: முகம் வானத்தைப் பார்த்தால், தொடக்கத்திலேயே மணிக்கட்டை உருட்டித் திறந்துவிட்டீர்கள்.

முழு வீச்சில், மேலே போய் நிற்கும் கணத்தை வீடியோவில் நிறுத்திப் பாருங்கள். செல்போன் பின்னால், கை உயரத்தில், பாதக்கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் நல்ல பாதையும் கோணலாகத் தெரியும். இட மணிக்கட்டு பின்பக்கம் குழிந்திருந்து, கிளப்பின் நுனி நேரே தரையைப் பார்த்தால் முகம் திறந்திருக்கிறது. புறங்கையும் முன்கையும் ஒரே தட்டையாக இருப்பதுதான் சரி. இடக் கைக்கடிகாரப் பட்டையில் ஒரு மர ஸ்கேலைச் செருகி, புறங்கை அதை விட்டு விலகாதபடி மெதுவாக வீசிப் பழகலாம். இதைப் பந்தில்லாமல் செய்யுங்கள்.

வலப்பக்கம் கிளம்பி, வளையாமல் நேரே போகிறது

இது ஸ்லைஸ் இல்லை. முகமும் பாதையும் ஒத்துப்போகின்றன, இரண்டும் சேர்ந்து வலப்பக்கம் பார்க்கின்றன. பெரும்பாலும் நிற்கும் திசைதான் காரணம். மூங்கில் குச்சியைப் போட்டுப் பாருங்கள். பந்து ரொம்பப் பின்னால், வலக்கால் பக்கம் இருந்தாலும் இப்படி வரும். பிடியை மாற்ற வேண்டாம்.

அயர்னில் அடித்ததும் பந்து தாழ்வாக, முழங்கால் உயரத்தில் விருட்டென்று வலப்பக்கம் தெறித்தால் அதுவும் ஸ்லைஸ் இல்லை. தண்டும் தலையும் சேரும் இடத்தில் பட்டிருக்கிறது. அதன் பெயர் ஷேங்க், அதற்கு வைத்தியம் தனி.

அயர்ன் நேராகப் போகிறது, டிரைவர் மட்டும் வளைகிறது

அயர்னும் வளைந்துகொண்டுதான் இருக்கிறது, உங்களுக்குத் தெரியவில்லை. முகம் சாய்ந்த கிளப்பில் பின்சுழல் அதிகம், அது பக்கவாட்டு வளைவை அமுக்கிவிடும். டிரைவரின் முகச்சாய்வு 9 முதல் 12 டிகிரி. 7-ஆம் எண் அயர்னுக்கு 30 டிகிரியை ஒட்டி. அதே தவறு டிரைவரில் பல மடங்காகத் தெரியும்.

டிரைவருக்கே உரிய காரணங்களும் உண்டு. பந்து இடக்குதிகாலுக்கு நேராக இருக்கட்டும். அதைவிட முன்னால் வைத்தால் தோள் இடப்பக்கம் திறக்கும், கிளப் பந்தை அடையும்போது உள்ளே திரும்பியிருக்கும். பந்தைத் தாங்கும் சின்ன ஆணியான டீயைத் தாழ்வாகக் குத்தினால் கை மேலிருந்து வெட்டப் பார்க்கும். பந்தில் பாதி, கிளப் தலையின் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும்.

அப்புறம் குதிப்பக்க அடி. தண்டை ஒட்டிய பக்கத்தைத்தான் குதி என்பது. டிரைவரில் பந்து அங்கே பட்டால் தலை சற்றே முறுக்கி, பந்துக்கு எதிர்ச்சுழல் கொடுத்து வலப்பக்கம் வளைத்துவிடும். பாதையும் முகமும் சரியாக இருந்தாலும் வளையும். இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பள்ளிக்கூடச் சாக்பீஸை முகம் முழுக்கத் தேய்த்துவிட்டு அடியுங்கள், பட்ட இடம் வட்டமாக அழிந்திருக்கும். வட்டம் தண்டுப் பக்கமே விழுந்தால், பந்துக்கு மிக அருகில் நிற்கிறீர்கள், அல்லது இறக்கும்போது உடம்பு கால்விரல் பக்கம் சாய்கிறது. ஓரங்குலம் தள்ளி நின்று, எடையைப் பாதத்தின் நடுவில் வைத்து, மறுபடி சாக்பீஸ் தேய்த்துப் பாருங்கள். வருஷக்கணக்கில் பாதையோடு போராடியவர்களுக்கு இதிலேயே தீர்ந்துவிடுவது உண்டு.

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மச்சான் கொண்டுவந்து கொடுத்த பழைய செட்டில் பழகுகிறீர்கள் என்றால், தண்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள். எக்ஸ் அல்லது எஸ் என்று இருந்தால் அது வேகமாக வீசுகிறவர்களுக்கான விறைப்பான தண்டு. மெதுவாக வீசுகிறவருக்கு அதில் முகம் மூடுவது சிரமம். ஆர் என்று எழுதிய தண்டும் 10.5 அல்லது 12 டிகிரி சாய்வும் புதியவருக்குப் பொருந்தும். சாய்வை மாற்றும் வசதியுள்ள டிரைவராக இருந்தால் ஒரு டிகிரி கூட்டுங்கள், முகமும் லேசாக மூடும். ஆனால் பிடியையும் பாதையையும் பார்க்காமல் புது டிரைவர் வாங்குவது, என் அபிப்பிராயத்தில், காசைக் கண்மாயில் போடுவது.

தொடக்கத்தில் நேர், போகப்போக வளைவு

வேர்வை. நம் ஊர் வெயிலில் அரைமணி நேரத்தில் கிரிப் (கிளப்பின் கைப்பிடி உறை) வழுக்க ஆரம்பிக்கும். வழுக்குகிறதே என்று இறுக்கிப் பிடிப்பீர்கள். முன்கை விறைக்கும், திரும்பாது, முகம் திறந்தே வரும். கிரிப்பைச் சோப்புத் தண்ணீரில் பழைய பிரஷ் போட்டுத் தேய்த்துக் காயவைத்தால் பாதி ஒட்டுதல் திரும்ப வந்துவிடும். தேய்ந்து பளபளத்துப் போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். இரண்டு கையுறை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள், இடுப்பில் ஒரு துண்டும் இருக்கட்டும்.

கொடைக்கானலில் நேர், மதுரையில் வளைவு

சந்தோஷப்படாதீர்கள். 1895-ல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப் மைதானம் இருக்கும் மலை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். மதுரையைவிட அங்கே காற்று ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெலிவு. சுழலும் பந்தைப் பிடித்து வளைக்கக் காற்று வேண்டும். காற்று மெலிந்தால் பந்து தூரமும் கூடப் போகும், வளைவும் குறையும். வத்தலக்குண்டு இறங்கியதும் பழைய ஸ்லைஸ் திரும்ப வந்துவிட்டதாகப் புலம்புகிறவர்களுக்கு அது எங்கேயும் போயிருக்கவில்லை. சரியாகிவிட்டதா என்ற சோதனையைக் கீழேயே, கோலக்கோட்டில் செய்துகொள்ளுங்கள்.

எல்லாம் செய்தபின், இப்போது இடப்பக்கம் வளைகிறது

பயப்பட வேண்டாம், பிடி மாற்றியவர்களுக்கு இது வரும். மறுபடியும் கிளம்பும் திசையைப் பாருங்கள். வலப்பக்கம் கிளம்பி இடப்பக்கம் வளைந்து பனைக்குப் பக்கத்தில் விழுந்தால் எதையும் மாற்றாதீர்கள். இடப்பக்கமே கிளம்பி இன்னும் இடப்பக்கம் ஓடினால், மூன்று முட்டி தெரியும் பிடியை இரண்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, பத்துப் பந்து அடித்து, இட வலக் குறிப்பைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.